கேள்வி கேட்கக் கற்பித்த ஆசிரியர் டெரோசியோ

எமது கல்லூரியின் விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அன்னையனைய கல்லூரியின் பணியை மறுத்தல் தகாதென்று இசைந்தோம். ஆயின், யாரைப் பற்றி எழுதுவது என்னும் வினா சில நாட்கள் எம்மை விட்டகலவில்லை. நாவலர் பெருமானைப் பற்றியும், விபுலாநந்த அடிகளைப் பற்றியும், சேர் பொன்னம்பலம் இராமநாதனைப் பற்றியும் எம்மினும் வல்லோர் பலர் எழுதியுள்ளனர். இறுதியில், எமது மாலை வகுப்பிலே நேர்ந்த சிறு நிகழ்ச்சியொன்று நாம் எழுதவேண்டியவர் யாரென்பதைக் காட்டிற்று.

நாம் ஓய்வுபெற்றபின் வசித்துவருவது கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள நுரைச்சோலை. மேற்கே கடல்; கிழக்கே புத்தளம் களப்பு; இடையே மணற்பாங்கான நிலம். அம்மணலிலே கிணறு தோண்டி, வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் உழைப்பாளிகள் எம் அயலவர். 1990ஆம் ஆண்டிலே வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பகுதிக்கு வந்து, வெறுங்கையோடு வாழ்வைத் தொடங்கிய முஸ்லிம் குடும்பத்தாரும் அவர்களுள் உளர். 2011ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கிய அனல் மின் நிலையத்தினால் ஊரின் பெயர் நாடெங்கும் தெரியவந்தது. இவ்வூர்ப் பிள்ளைகள் சிலருக்கு மாலைவேளையில் ஆங்கிலம் கற்பித்தலை எமது கடைசிக்காலப் பணியாகக் கொண்டுள்ளோம்.

ஒருநாள், எனது தோட்டம் என்னும் பொருள்பற்றி ஆங்கிலத்திலே ஒரு கட்டுரை வரைந்து வருமாறு பிள்ளைகளைப் பணித்தோம். மறுநாள் கொப்பிகளைத் திருத்த அமர்ந்தபோது, எல்லாக் கொப்பிகளிலும் ஒரே தோட்டத்தைக் கண்டோம். எல்லாத் தோட்டத்திலும் ரோசாச் செடிகள் பூத்திருந்தன. எல்லாத் தோட்டத்திலும் ஒரு தோட்டக்காரன் நீரூற்றினான். விடியுமுன் எழுந்து தந்தையுடன் வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சிவிட்டுப் பள்ளி செல்லும் சிறுமியும் ரோசாவையே எழுதியிருந்தாள். யாதோ ஒரு வழிகாட்டி நூலிலிருந்த கட்டுரையை எல்லோரும் நெட்டுருச் செய்திருந்தனர். தத்தம் வீட்டுத் தோட்டத்தை எழுதலாகாதா என்று வினவினோம். வகுப்பு மௌனமாயிற்று. பின், ஒரு சிறுவன் எழுந்து, வெங்காயத்தைப் பற்றி எழுதினாற் பரீட்சையிலே புள்ளி குறைப்பார்களா என்று கேட்டான்.

அச்சிறுவனுக்கு உடனே விடைகூற எம்மால் இயலவில்லை. பிறமொழியைக் கற்கும் பிள்ளை அம்மொழியிலே தானே காணவும், தானே எண்ணவும், தானே வினவவும் உரிமையுடையதா. அன்றிப் பிறர் எண்ணியதைப் பிழையின்றி ஒப்புவித்தாற் போதுமா? இவ்வினா இருநூறாண்டுப் பழைமையுடையது. எமது கல்லூரியின் பெயரையே தாங்கிய மற்றொரு கல்லூரியிலே, கல்கத்தா நகரத்து இந்துக் கல்லூரியிலே, இவ்வினாவுக்குத் தம் வாழ்வினாலேயே விடைகூறிய இளைஞர் ஒருவர் இருந்தார். அவரே ஹென்றி லூயி விவியன் டெரோசியோ.

டெரோசியோ 1809ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் பிரான்சிஸ் டெரோசியோ போர்த்துக்கேய வழியிலே தோன்றியவர். வணிக நிலையமொன்றிலே உத்தியோகம் பார்த்தவர். ஈழத்திலே பறங்கியர் என்று நாம் வழங்கும் சமூகத்தை ஒத்ததொரு கலப்பினச் சமூகம் அவருடையது. ஆங்கிலேயர் அவர்களைத் தம்மவராகக் கொள்ளவில்லை. இந்தியரும் அவர்களைத் தம்மவராகக் கொள்ளவில்லை. இரு சாராருக்கும் புறத்தே நின்ற ஒருவர், பிற்காலத்திலே இரு பக்கத்தையும் நோக்கக் கற்பித்தவராக விளங்கியதில் வியப்பில்லை என்று எமக்குத் தோன்றுகின்றது.

ஆறாவது வயது முதற் பதினான்காவது வயது வரை அவர் பயின்றது டேவிட் டிரம்மண்ட் என்னும் ஸ்கொத்லாந்து தேசத்தவர் தர்மதலாவில் நடத்திய பாடசாலையிலாகும். ஐரோப்பியர், கலப்பினத்தார், இந்தியர் என்ற வேற்றுமையின்றி எல்லாப் பிள்ளைகளும் அங்கு ஒருங்கே அமர்ந்து கற்றனர். டிரம்மண்ட் கவிதை இயற்றுபவர். எதையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும் என்னும் கொள்கையினர். ஒரு நல்லாசிரியர் விதைத்த விதை வேறொரு கல்லூரியிலே முளைத்த வரலாறே நாம் கூறப்புகுந்த வரலாறு.

பதினான்காவது வயதிலே பள்ளியை நீங்கிய டெரோசியோ சிறிதுகாலம் தந்தையாரின் வணிக நிலையத்திலே எழுதுவினைஞராக இருந்தார். அவ்வேலை மனத்துக்கு ஒவ்வாமையால், கங்கைக் கரையிலுள்ள பாகல்பூர்ப் பகுதிக்குச் சென்று, அங்கு அவுரிச்சாயத் தொழில் நடத்திய உறவினருடன் தங்கினார். ஆற்றங்கரைத் தனிமை அவரைக் கவிஞராக்கிற்று. ஆங்கிலத்தில் அவர் எழுதிய பாடல்கள் கல்கத்தாவின் இந்தியா கசற் என்னும் பத்திரிகையிலே புனைபெயரில் வெளிவந்தன. அதன் ஆசிரியராகிய டாக்டர் ஜோன் கிராண்ட் அவருக்கு ஊக்கமளித்தார். 1827ஆம் ஆண்டிலே முதற் கவிதைத் தொகுதி அச்சேறிற்று. அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

மறுவருடம் ஜங்கீரா என்னுமிடத்துப் பக்கீரைப் பற்றிய நெடுங்கவிதை வெளிவந்தது. கங்கையின் நடுவே நிற்கும் ஒரு பாறையே அதன் களம். கணவனுடன் உடன்கட்டை ஏறக் கொண்டுவரப்பட்ட இளம் விதவையொருத்தி மீட்கப்படுவதும், அதன்பின் நேரும் துயரமுமே அதன் கதை. உடன்கட்டை ஏறுதல் வங்காளத்திலே சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது 1829ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலாகும். அதற்கு முன்பே அக்கொடுமை அக்கவிதையிற் பேசப்பட்டது. மொழி ஆங்கிலம், ஆயினும் ஆறு கங்கை, பாறை அவர் கண்ணாற் கண்ட பாறை, துயரம் அவர் வாழ்ந்த நாட்டின் துயரம். ரோசாத் தோட்டத்தை நெட்டுருச் செய்யும் எம் மாணாக்கர் கருதவேண்டிய செய்தி இதுவாகும்.

இனிக் கல்லூரியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கல்கத்தா இந்துக் கல்லூரி 1817ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் இருபது மாணவருடன் ஆரம்பமாயிற்று. அரசாங்கம் ஆங்கிலக் கல்வியைத் தன் கொள்கையாக ஏற்குமுன்பே, மெக்காலே பிரபுவின் அறிக்கைக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, இந்து கனவான்கள் தம் பொருளைக் கொடுத்துத் தம் புதல்வர்க்காக எழுப்பிய நிலையம் அது. கடிகாரத் தொழில் செய்து ஈட்டிய பொருளையெல்லாம் கல்விக்கே ஈந்த டேவிட் ஹேர் என்னும் ஸ்கொத்லாந்து தேசத்தவர் அதன் உயிர்நாடியாக விளங்கினார். ஆங்கிலம் கற்றோர்க்கு உத்தியோகம் கிடைக்கும் என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தனர். பிள்ளைகள் ஆங்கிலம் கற்கவேண்டும், ஆயினும் குலவொழுக்கத்தினின்றும் வழுவலாகாது என்பதே அவர்கள் விருப்பம். இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறும் என்று அவர்கள் நம்பினர்.

1826ஆம் ஆண்டிலே, பதினேழு வயதினராகிய டெரோசியோ அங்கு ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அவருடைய மாணவர் பலர் அவரினும் நான்கைந்து வயதே இளையவர். வீட்டிலே வங்காளமொழி பேசி, கல்லூரியிலே ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்ற பிள்ளைகள் அவர்கள். சொற்பொருள் கூறி, இலக்கணம் விளக்கி, பாடத்தை ஒப்புவிக்கச் செய்து அவர் ஓய்ந்திருக்கலாம். அங்ஙனம் செய்தார்மீது யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

அவர் கைக்கொண்ட முறை வேறு. பாடநூலிலே ஒரு கருத்து வருமாயின், அக்கருத்து ஏற்கத்தக்கதுதானா என்று மாணவரை வினவுவார். அவர்கள் உடன்பட்டால், அதற்கு மாறானவற்றை எடுத்துக் காட்டுவார். மறுத்தால், அதற்குச் சார்பானவற்றை எடுத்துக் காட்டுவார். கடவுள் உண்மை பற்றி ஐயுற்ற ஹியூம் என்னும் தத்துவ அறிஞரின் வாதங்களைப் படிக்கச் செய்தவர், அவ்வாதங்களுக்கு ரீட், டூகால்ட் ஸ்டூவர்ட் ஆகியோர் கூறிய மறுப்புகளையும் உடன் படிக்கச் செய்தார். முடிவு கூறும் பொறுப்பை மாணவரிடமே விட்டார். ஆங்கிலம் அவ்வகுப்பிலே ஒப்புவிக்கும் பாடமாக இராமல், ஆராயும் கருவியாக மாறிற்று. தம் எண்ணத்தைச் சொல்லவேண்டும் என்னும் ஆவலினாலேயே மாணவர் மொழியை விரைந்து கற்றனர்.

இம்முறை மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். சைவ சித்தாந்த நூல்களைக் கற்றார்க்கு அஃது அத்துணைப் புதுமையாகத் தோன்றாது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோது, தம் கொள்கையைச் சுபக்கத்திலே நிறுவுவதற்கு முன், உலகாயதர் முதலிய பிற மதத்தார் கூற்றுக்களைப் பரபக்கத்திலே எடுத்துரைத்து, அதன்பின்னரே அவற்றை மறுத்தார். மாற்றார் வாதத்தை நன்கறியாதவன் தன் கொள்கையையும் நன்கறியான் என்பது எம் முன்னோர் கண்ட உண்மை. சங்கப் புலவர் நக்கீரர் இறைவனோடே வாதிட்டார் என்னும் கதையைத் திருவிளையாடல் நூலாகிய பக்தி நூலே பேசுகின்றது. ஆகவே, வினவுதல் எமது மரபுக்குப் பகையன்று. டெரோசியோ பரபக்கத்தையும் சுபக்கத்தையும் ஆங்கில வகுப்பிலே வைத்தார் என்று கூறின் மிகையாகாது.

வகுப்பு நேரம் அவருக்கும் மாணவருக்கும் போதவில்லை. 1828ஆம் ஆண்டளவிலே கலைக்கழகம் என்று நாம் மொழிபெயர்க்கக்கூடிய விவாத சங்கமொன்று தோன்றிற்று. மாணிக்கதலாவிலிருந்த ஒரு தோட்ட மாளிகையிலே அது கூடிற்று. விதி வலிதா மதி வலிதா, நாட்டுப்பற்றின் இயல்பு யாது, சாதி வேற்றுமை தகுமா, விக்கிரக வழிபாட்டின் பொருள் யாது, பெண்கள் கல்வி கற்க வேண்டாவா என்பன போன்ற பொருள்கள் அங்கு வாதிக்கப்பட்டன. டெரோசியோ தலைமை தாங்கினார். டேவிட் ஹேர் அடிக்கடி வந்து கேட்டார். இன்று எம் கல்லூரிகளிலே நடைபெறும் விவாத சங்கங்களை நினைக்கும்போது, அச்சிறு கூட்டத்தையும் நன்றியுடன் நினைத்தல் தகும். 1830ஆம் ஆண்டிலே மாணவர் பார்த்தினன் என்னும் பெயரில் ஆங்கிலச் சஞ்சிகையொன்றை வெளியிட்டனர். பெண்கல்வியும் நீதிமன்றச் செலவும் அதிலே பேசப்பட்டன. கல்லூரி மேலாளர் அதனை விரும்பாமையால் முதலிதழோடு அது நின்றது.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் முறையாகாது. மாணவர் எல்லோரும் ஆசிரியரின் நிதானத்தைப் பெற்றிலர். சிலர் மூத்தோர் மனம் புண்படுமாறு பேசினர்; விலக்கப்பட்ட உணவை உண்பதே அறிவுடைமை என்று கருதினார் சிலர். நீதிமன்றத்திலே கங்கை நீரைத் தொட்டுச் சத்தியஞ்செய்ய ரசிக கிருஷ்ண மல்லிக் என்னும் மாணவர் மறுத்த செய்தி நகரெங்கும் பரவிற்று. கேள்வி கேட்கக் கற்ற இளைஞன் முதலிற் கேட்கும் கேள்விகள் பணிவுடையனவாக இருப்பது அரிது. நகரத்திலே வதந்திகள் பெருகின. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைக் கல்லூரியினின்றும் விலக்கினர்.

மேலாளர் சபையார் கொடியவர் அல்லர் என்பதையும் கூறுதல் வேண்டும். அவர்களுள் ஒருவராகிய ராதாகாந்த தேவர், சப்த கல்பத்துருமம் என்னும் பெருஞ் சமஸ்கிருத அகராதியைத் தொகுத்த அறிஞர், பெண்கல்விக்கும் உதவியவர். ராம்கமல் சென் ஆங்கில வங்காள அகராதி செய்தவர். அரும்பாடுபட்டு எழுப்பிய கல்லூரி மாணவரின்றி அழியுமோ என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. கல்லூரிக்காகப் பொருள் திரட்டிய எம் பழைய மாணவர் அவ்வச்சத்தை நன்கு உணர்வர்.

1831ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் சபை கூடிற்று. டெரோசியோ இளைஞர்க்குக் கற்பிக்கத் தகுதியற்றவர் என்பதைப் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. ஆயினும், ஊராரின் மனநிலையை முன்னிட்டு அவரை விலக்குதல் நலம் என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். சமஸ்கிருத அறிஞராகிய வில்சனும் டேவிட் ஹேரும், இந்துக்களின் உணர்ச்சி சார்ந்த இவ்விடயத்திலே வாக்களியாது விலகினர். குற்றஞ்சாட்டப்பட்ட ஆசிரியரை அழைத்து ஒரு வார்த்தையும் கேட்டிலர். இருதிறத்தார் கூற்றையும் கேட்டன்றி முடிவு கூறாதீர் என்று கற்பித்தவருடைய கூற்று மட்டும் கேட்கப்படவில்லை. இவ்வரலாற்றிலே எம் நெஞ்சை மிகவும் வருத்துவது இதுவே.

ஏப்பிரல் 25ஆம் நாள் டெரோசியோ தம் பதவியைத் துறந்து கடிதம் எழுதினார். விசாரணையின்றித் தாம் விலக்கப்படுவதை அதிலே அமைதியாகவும் உறுதியாகவும் சுட்டினார். வில்சன் அவரிடம் மூன்று வினாக்களுக்கு விடை கோரினார். கடவுளை மறுக்கின்றாரா? பெற்றோரைப் பணிதல் கடமையன்று என்று கற்பித்தாரா? உடன்பிறந்தார் மணஞ்செய்தல் தகும் என்று கூறினாரா? மறுநாளே விடை சென்றது. கடவுள் இல்லையென்று தாம் எவரிடமும் போதித்ததில்லை என்றும், ஐயங்களைக் கூறியபோது அவற்றுக்கான மறுப்பையும் கூறியதாகவும், சிலர் நம்பிக்கை இழந்தமைக்குத் தம்மைப் பழிப்பின் வேறு சிலர் நம்பிக்கை கொண்டமைக்குத் தம்மைப் பாராட்டவும் வேண்டும் என்றும் அவர் எழுதினார். தந்தையுடன் பிணங்கி வீட்டைவிட்டு நீங்க எண்ணிய மாணவரொருவரைப் பொறுத்திருக்குமாறு தாம் புத்தி சொன்னதை இரண்டாவது வினாவுக்கு விடையாகக் காட்டினார். மூன்றாவது வெறும் வதந்தி என்று மறுத்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு.

பதவி போயிற்று; ஊக்கம் போகவில்லை. அவ்வாண்டிலேயே ஈஸ்ற் இந்தியன் என்னும் ஆங்கில நாளேட்டைத் தொடங்கித் தம் சமூகத்தாரின் உரிமைக்காக எழுதினார். மாணவரின் நட்பும் நீங்கவில்லை. அவர்கள் அவர் இல்லத்தை நாடி வந்தவண்ணமே இருந்தனர். ஆயின், காலம் அவருக்கு இடங்கொடுக்கவில்லை. டிசெம்பர் மாதத்திலே வாந்திபேதி நோய் அவரைப் பற்றிற்று. மாணவரும் நண்பரும் அருகிலிருந்து பணிவிடை செய்தனர். 1831ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். கல்கத்தாவின் பார்க் வீதி மயானத்திலே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அவர் இந்துக் கல்லூரியிலே கற்பித்த காலம் ஏறத்தாழ ஐந்தாண்டுகளே.

ஆசிரியர் ஒருவரின் தகுதியை அளக்கும் கோல் அவருடைய மாணவரே. இளமையிலே ஆரவாரஞ் செய்த அவ்விளைஞர் முதிர்ந்தபின் ஆற்றிய பணிகளை நோக்குவோம். ராதாநாத் சிக்தார் கல்லூரியிலே டைட்லரிடம் கணிதம் பயின்று, 1831ஆம் ஆண்டிலே நில அளவைத் துறையிற் சேர்ந்தார். 1852ஆம் ஆண்டளவிலே, பதினைந்தாம் இலக்கச் சிகரம் என்று மட்டும் குறிக்கப்பட்ட இமயச் சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்பதைக் கணித்துக் கண்டவர் அவர். அதன் உயரம் 29,002 அடி என்று 1856ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. எவரெஸ்ற் என்னும் பெயர் பின்பு வழங்கிற்று. அதே சிக்தார், அளவைத் துறைக் கூலியாட்களை ஆங்கில அதிகாரியொருவர் தம் சொந்த வேலைக்கு ஏவியதை 1843ஆம் ஆண்டிலே எதிர்த்து, இருநூறு ரூபாய் தண்டம் செலுத்தினார். கணிதம் வேறொருவரிடம் கற்றது. அஞ்சாமையை எங்கு கற்றார் என்பது சொல்லாமலே விளங்கும்.

பியாரி சந்த் மித்ரர் சிக்தாருடன் சேர்ந்து, பெண்களும் எளிதிற் படிக்கத்தக்க வங்காள நடையிலே 1854ஆம் ஆண்டு ஒரு மாத சஞ்சிகையைத் தொடங்கினார். அதிலே வெளிவந்து 1858ஆம் ஆண்டு நூலாகிய அவருடைய கதை, வங்காள நாவலின் முன்னோடிகளுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. ஆங்கில வகுப்பிலே மலர்ந்த படைப்பாற்றல் தாய்மொழிக்கே பயன்பட்டது என்பது கருதற்பாலது. கிருஷ்ண மோகன் பானர்ஜி கிறித்தவ சமயத்தைத் தழுவினார். ஆயினும் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் கலைக்களஞ்சியம் தொகுத்து நாட்டுக்கு ஈந்தார். ராம்கோபால் கோஷ் பெரும் பேச்சாளராக விளங்கினார். தக்ஷிணரஞ்சன் முகர்ஜி 1849ஆம் ஆண்டிலே பெத்யூன் துரை தொடங்கிய பெண்கள் பாடசாலைக்கு நிலம் வழங்கினார். சிவசந்திர தேவர் தம் சொந்த ஊராகிய கொன்னகரிலே பாடசாலையும் நூல்நிலையமும் ஏற்படுத்தினார். ராம்தனு லாகிரி தாமும் ஆசிரியரானார். இவர்கள் எல்லோரும் ஒரே கொள்கையினர் அல்லர்; ஒரே சமயத்தினரும் அல்லர். ஒரே அச்சிலே வார்க்கப்படாமை ஒன்றே அவர்கள் ஒரே ஆசிரியரிடம் கற்றதற்குச் சான்று.

அவரை நீக்கிய கல்லூரியும் அழியவில்லை. 1855ஆம் ஆண்டிலே அது பிரெசிடென்சிக் கல்லூரியாகி, 2010ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகமாகியது. அதன் வரலாற்றை எழுதுவோர், தகுதியின்மையின்றியே நீக்கப்பட்ட அவ்விளம் ஆசிரியரைக் கூறாமல் எழுதுதல் இயலாது.

கல்கத்தாவிலிருந்து எமது கரைக்கு மீள்வோம். டெரோசியோ பிறப்பதற்கு இரண்டாண்டுகள் முன்னே, 1807ஆம் ஆண்டிலே, நுரைச்சோலைக்கு அயலதாகிய கற்பிட்டியிலே சைமன் காசிச்செட்டி பிறந்தார். டெரோசியோ இந்துக் கல்லூரியில் அடியெடுத்து வைத்த அதே பதினேழாவது வயதிலே, 1824ஆம் ஆண்டில், காசிச்செட்டி புத்தளம் கச்சேரியிலே மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். பிறர் சொல்வதை மொழிபெயர்ப்பதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்காமல், இத்தீவின் ஊர்களையும் மக்களையும் வழக்கங்களையும் வினவி ஆராய்ந்து, 1834ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் இலங்கை விவரண நூலை வெளியிட்டார். 1838ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபையில் உறுப்பினரானார். பின்பு சிலாபத்திலே நீதிபதியாக விளங்கினார். 1859ஆம் ஆண்டிலே தமிழ் புளூட்டாக் என்னும் நூலிலே இருநூறளவான தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்திலே தந்து, மறுவருடம் மறைந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். கடன்வாங்கிய மொழியிலே கடன்வாங்காத கருத்தைச் சொல்லலாம் என்பதை இருவரும் ஒரே தலைமுறையிலே காட்டினர். எம் மாணாக்கருக்கு முன்மாதிரி தேட நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை; குடாநாட்டு வீதியிலே வடக்கு நோக்கிச் சென்றாற் போதும்.

டெரோசியோவின் வாழ்வு எமக்கு உணர்த்துவது யாது? மொழியாசிரியன் சொல்லை மட்டும் கற்பித்தால், மாணவன் பிறர் தோட்டத்து ரோசாவையே என்றும் எழுதுவான். சொல்லோடு வினாவையும் கற்பித்தால், அவன் தன் தோட்டத்தைக் காண்பான். அத்தகைய மாணவன் சிலவேளை ஆசிரியரையும் பெற்றோரையும் மடக்கும் வினாக்களைக் கேட்பான்; அஃது அக்கல்விக்கு நாம் கொடுக்கவேண்டிய விலை. அவ்விலையைக் கொடுக்க அஞ்சிய சபையார் நல்லவரே. ஆயினும் அவர்கள் அஞ்சிய இளைஞரே பின்பு அந்நாட்டுக்குப் பள்ளிகளும் நூல்களும் அளித்தனர். மாணவரின் வரம்பு மீறலை ஆசிரியர் திருத்தலாம். வினவும் ஆற்றல் அவிந்தபின் அதனை மீட்டல் அரிது.

விழாக் கொண்டாடும் இவ்வேளையிலே எமது கல்லூரியின் ஆசிரியர்களுக்கும் நிருவாகத்தாருக்கும் பழைய மாணவர் என்னும் உரிமையுடன் ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். என்றாவது ஒருநாள், ஓர் இளம் ஆசிரியர் மாணவரைக் கெடுக்கின்றார் என்னும் முறைப்பாடு உங்கள் முன் வரக்கூடும். அவ்வாறு வரின், முடிவு செய்யுமுன் அவரை அழைத்து அவர் கூற்றையும் கேளுங்கள். கல்கத்தாவிலே அன்று செய்யத் தவறியது அவ்வளவே.

வெங்காயத்தைப் பற்றி வினவிய சிறுவனுக்கு நாம் மறுநாள் விடை கூறினோம். எமது வகுப்பிலே புள்ளி குறையாது என்றோம்; பரீட்சை மண்டபத்தைப் பற்றி எம்மால் வாக்குறுதி அளிக்க இயலாது என்பதையும் மறைக்கவில்லை. ஒரு கிழமைக்குப் பின் அவன் புதிய கட்டுரையொன்றைக் கொண்டுவந்தான். பிழைகள் மலிந்த ஆங்கிலம். ஆயினும், கச்சான் காற்று மணலை வாரி நாற்றுக்களை மூடியதும், தாயும் மகனும் கையால் அம்மணலை நீக்கியதும் அதிலே இருந்தன. ஈற்றிலே, விலை ஏறும்போதும் தம் தந்தைக்கு அவ்வேற்றம் ஏன் வந்து சேர்வதில்லை என்னும் வினாவொன்றும் இருந்தது. பிழைகளைச் சிவப்பு மையினாலே திருத்தினோம். வினாவின் கீழே யாதும் எழுதாமல், வகுப்பிலே எல்லோரும் ஆராய்தற்பொருட்டு அதனைக் கரும்பலகையிலே எழுதி வைத்தோம்.